பெராவா கடற்கரையில் ஒரு பகல்: பாலியின் புதிய பீச் கிளப் ஒன்றைப் பற்றி

பாலித் தீவின் தென்மேற்குக் கரையில், சாங்கு வட்டாரத்தைச் சேர்ந்த பெராவா கடற்கரையை ஒட்டிச் சில மாதங்களுக்கு முன் திறக்கப்பட்ட ஒரு பீச் கிளப்பில், கடந்த ஜூலை மாதம் ஒரு முழுப் பகலைக் கழித்தோம். நான், என் மனைவி, எழுபது வயதை நெருங்கும் என் அம்மா, பத்து வயது மகள் என நால்வர் சென்றிருந்தோம். எங்களில் யாருக்கும் மதுப்பழக்கம் இல்லை, அம்மா சைவம், நீச்சல் தெரிந்தவர்கள் மனைவியும் மகளும் மட்டுமே. இத்தகைய குடும்பத்துக்குப் பீச் கிளப் ஏற்ற இடம்தானா என்ற தயக்கத்தோடுதான் போனோம். நம்மவர்கள் பலருக்கும் இதே தயக்கம் இருக்கும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் இடத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆனால் இங்கே சொல்லும் கட்டண முறையும் விதிகளும் பாலியின் பெரும்பாலான பீச் கிளப்புகளில் ஏறக்குறைய இவ்வாறே இருக்கும்.

இதுவரை போகாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பீச் கிளப் என்பது தங்கும் விடுதி அன்று, வெறும் உணவகமும் அன்று. கடலைப் பார்த்த ஒரு நீச்சல் குளம், அதைச் சுற்றிச் சாய்ந்து படுக்க அகலமான மெத்தைகள், சமையலறை, மதுக்கூடம், மாலையில் இசை ஆகிய இவை அனைத்தும் ஒரே வளாகத்தில் இருக்கும். நுழைவுச் சீட்டுக்குப் பதிலாக, 'இவ்வளவு தொகைக்கு உண்போம், பருகுவோம்' என்று ஒப்புக்கொண்டு ஒரு மெத்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாலியில் செமின்யாக் கடற்கரையில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கு டே தாவும், அதே கரையில் 2010இல் வந்த பொட்டேட்டோ ஹெட்டும் இந்த வழக்கத்தை வேரூன்றச் செய்த இடங்கள். அவற்றுக்குப் பின் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்து, இன்று பெராவாவிலும் சாங்குவிலும் ஒன்றை அடுத்து ஒன்றாகப் பீச் கிளப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன.

நாங்கள் தங்கியிருந்தது செமின்யாக்கில். அங்கிருந்து பெராவா சில கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், போய்ச் சேர முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒரு காரும் ஒரு ஸ்கூட்டரும் ஒதுங்கிப் போகவே இடம் போதாத வழிகளில் நூற்றுக்கணக்கான ஸ்கூட்டர்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இந்தச் சாலைகள் வயல்களுக்கு இடையே போன பாதைகளாக இருந்தவை. இப்போதும் இரண்டு வில்லாக்களுக்கு நடுவே திடீரென்று ஒரு துண்டு நெல்வயல் தென்படுகிறது. அதன் ஓரத்தில் வாய்க்கால் சலசலத்து ஓடுகிறது. பாலி விவசாயிகள் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் சுபாக் என்ற கூட்டமைப்பின் வாய்க்கால்கள் அவை. மலைப்பகுதிகளில் அந்தச் சுபாக் நிலக்காட்சிகளை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கடற்கரைப் பக்கத்தில் அவை கண்முன்னே சுருங்கி வருகின்றன. நாங்கள் பார்க்கப் போன இடமும் அந்த மாற்றத்தின் ஒரு பகுதி என்பதை மறைப்பதற்கில்லை. அந்த எண்ணம் நாள் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். வெளியிலிருந்து உணவும் தண்ணீரும் கொண்டுவரக் கூடாது என்பது விதி. அம்மா மாத்திரை போட்டுக்கொள்வதற்காக வைத்திருந்த வெந்நீர்க் குடுவையைக் காவலர் எடுத்துப் பார்த்தார். நிலைமையைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரு கைகளையும் கூப்பி அம்மாவை 'இபு' என்று அழைத்து உள்ளே அனுப்பினார். இந்தோனேசிய மொழியில் இபு என்றால் தாய். அன்று மாலை வரை அங்கிருந்த பணியாளர் அனைவரும் அம்மாவை அப்படியே அழைத்தார்கள். நாங்களும் ஓட்டலில் கற்றுக்கொண்டபடி, பரிமாறிய இளைஞரைப் 'பிளி' என்றே கூப்பிட்டோம். பாலி மொழியில் அது அண்ணனைக் குறிக்கும் சொல்.

உள்ளே நுழைந்ததும் முதலில் மனத்தைக் கவர்வது கூரை. இருபது இருபத்தைந்து தென்னந்தூண்கள். அவற்றின் மேல் கவிழ்த்து வைத்த படகைப் போல வளைந்த மூங்கில் சட்டம். அதன்மீது ஒரு முழங்கனத்துக்கு அலங்-அலங் புல் வேய்ந்திருக்கிறார்கள். நாம் தர்ப்பை என்று சொல்லும் புல்வகைகளுக்கு நெருங்கிய உறவான புல் அது. மூங்கில் சிம்புகளில் கொத்துக் கொத்தாகக் கோத்துத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக அடுக்குகிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், தையல் வரிசைகள் ஓலைப்பாயின் பின்னலைப் போல ஒழுங்காகத் தெரிகின்றன. மதியம் ஒரு மணிக்கும் அந்தக் கூரையின் அடியில் மின்விசிறி தேவைப்படவில்லை. வளாகம் முழுவதிலும் தென்னையை விட உயரமான எதுவும் இல்லை என்பதும் கவனத்துக்குரியது. சனூரில் 1966இல் திறக்கப்பட்ட பத்து மாடி ஓட்டலுக்குப் பிறகு, கட்டடங்கள் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று தீவில் ஒரு வரம்பு வந்தது. தென்னையின் உயரமே கட்டடத்தின் உயரம் என்று ஊரார் இதைச் சொல்கிறார்கள். அந்த வரம்புதான் பாலிக் கரையின் அழகைக் காத்து நிற்கிறது என்பது என் எண்ணம்.

பழைய மரத்தையும் நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தப் போக்குக்கு முன்னோடி பொட்டேட்டோ ஹெட்தான். இந்தோனேசியக் கட்டடக் கலைஞர் ஆண்ட்ரா மாத்தின், தீவுக்கூட்டம் எங்கிலுமிருந்து திரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான பழைய தேக்குச் சன்னல் கதவுகளைக் கொண்டு அதன் வளைந்த சுவரை அமைத்தார். வெவ்வேறு வண்ணம் பூசி வெளுத்துப்போன கதவுகள் சேர்ந்து ஓர் அரைவட்ட அரங்கின் முகப்பாக நிற்பதை அதற்கு முந்தைய நாள் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அதைப் பார்த்த கண்ணுக்குப் புதிய இடத்தின் பழைய மரம் சற்று அலங்காரத்துக்காக ஒட்டப்பட்டதாகவே பட்டது. மதுக்கூடத்தின் முன்புறப் பலகைகளில் பழமை தெரிகிறது, பின்புறம் போய்ப் பார்த்தால் புத்தம் புது ஒட்டுப்பலகை. கூரையில் காட்டிய நேர்மையை அங்கேயும் காட்டியிருக்கலாம்.

குளத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேற்கு ஜாவாவின் சுகாபூமியிலிருந்து வரும் பச்சைக் கல்லைத் தளத்திலும் சுவரிலும் பதித்திருக்கிறார்கள். நீல ஓடு பதித்த குளங்களில் தண்ணீருக்கு வரும் பளீர் நிறம் இதில் இல்லை. வாழையிலையின் அடிப்பக்கம் போல வெளிறிய, கண்ணை உறுத்தாத பச்சை. கல்லின் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்குவதில்லை. குளத்தின் கடலோர விளிம்பு தண்ணீருக்குச் சமமாக இருக்கிறது. உள்ளே நின்று பார்த்தால் குளமும் கடலும் ஒன்றாகவே தெரியும். ஆழமற்ற தனிப் பகுதி ஒன்று இருப்பதால் குழந்தைகளோடு வருபவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க அனுமதி இல்லை. டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக இறங்கப்போன என்னை மரியாதையாகத் தடுத்துவிட்டார்கள். பருத்தி நூலிழைகள் வடிகட்டியை அடைத்துவிடும் என்ற அவர்களுடைய காரணம் நியாயமானது. உடலை முழுமையாக மறைக்கும் நீச்சல் உடைக்கு எந்தத் தடையும் இல்லை. மனைவி முழுக்கை நீச்சல் உடையில்தான் நீந்தினார், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படிகளில் இறங்கினால் கடற்கரை. சாங்குப் பக்கத்து மணல் கருமை கலந்த சாம்பல் நிறம். தீவின் எரிமலைகள் தந்த மணல் அது. தென்கோடியில் உலுவாத்து, மெலாஸ்தி பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் கிடக்கும் வெண்மணலை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாற்றமடையக்கூடும். எனக்கு இந்த மணல்தான் பிடித்தது. உள்ளங்கையில் அள்ளிச் சாய்த்துப் பார்த்தால், இரும்புத்தூள் போன்ற மணிகளுக்கு நடுவே ஊசிமுனை அளவில் மின்னல்கள் தெறிக்கின்றன. நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதால் செருப்பு அவசியம். அலையின் வேகத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற கரை இது. உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. சிவப்புக் கொடி நட்டிருந்த பகுதியில் இடுப்பளவு நீருக்குள் போன இருவரைப் பலாவிஸ்தா எனப்படும் உயிர்காப்பாளர்கள் விசிலடித்துக் கரையேற்றினார்கள். நாங்கள் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

கிளப்பின் படிகளுக்குக் கீழே உள்ள மணல் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்ததை ஒரு பெரிய நல்ல அம்சமாகக் கருதுகிறேன். கயிறு கட்டித் தடுக்கவில்லை. தள்ளுவண்டியில் சோளம் சுடுபவர், பந்து விளையாடும் ஊர்ப்பிள்ளைகள், நாயோடு நடப்பவர்கள் என்று கடற்கரை கடற்கரையாகவே இருந்தது. ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் பாலியில் பட்டக் காலம். மீன் வடிவிலும் இலை வடிவிலும் ஆளை விடப் பெரிய பட்டங்களைப் பத்துப் பேர் சேர்ந்து இழுத்துப் பறக்கவிடுகிறார்கள். பட்டத்தின் தலையில் குவாங்கன் என்ற ஒரு வில்லைக் கட்டியிருப்பதால், மேலே ஏறியதும் காற்றில் அது அதிர்ந்து 'ங்ஙொய்' என்று நீண்ட ரீங்காரம் எழுப்புகிறது. மகள் நீச்சலை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காலமான நவம்பர் முதல் மார்ச் வரை இதே கரையில் பிளாஸ்டிக் குப்பை ஒதுங்குவது தெரிந்த செய்தி. ஆகவே ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் போவதே நல்லது.

பிற்பகல் மூன்று மணி அளவில், பட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிய ஒரு பணிப்பெண் கையில் தட்டோடு வந்தார். தென்னங்குருத்தோலையில் உள்ளங்கை அளவுக்குப் பின்னிய சிறு தொன்னை. அதில் கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம். நடுவில் துளசி அளவுக்கு நறுக்கிய பச்சை இலை, மேலே ஓர் ஊதுவத்தி. சானாங் சாரி என்ற அன்றாடப் படையல் அது. குளத்தின் விளிம்பில் ஒன்றை வைத்தார். ஒரு பூவை விரல் நுனியில் பிடித்து நீரில் தோய்த்து மும்முறை தெளித்தார். பிறகு டிஜேயின் மேசைக்கு அடியிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "மார்கழியில நாம பூசணிப்பூ வைக்கிற மாதிரி இவங்க வருசம் முழுக்க வைக்கிறாங்க" என்றார். சுற்றியிருந்த விருந்தினர்களில் பாதிப்பேர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஆயினும் அதை யாருக்காகவும் காட்சியாக்காமல், ஒரு வீட்டின் வேலையைப் போல் அமைதியாகச் செய்தார்கள். அந்த இரண்டு நிமிடங்களுக்காகவே இந்த இடத்தின்மேல் எனக்கு மரியாதை கூடியது.

இனி உணவு. பட்டியலில் பாதி மேற்கத்திய உணவுகள்: விறகடுப்பு பீட்சா, பர்கர், சாலட். பீட்சா பரவாயில்லை ரகம். அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. பாலி உணவுப் பக்கத்தைப் புரட்டுவதே புத்திசாலித்தனம். அரைத்த மீனோடு தேங்காய்த் துருவலும் மசாலாவும் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சைப்புல் தண்டில் பிடித்துவைத்துக் கரியில் சுடும் சாத்தே லிலிட் மிக நன்றாக இருந்தது. மீன் உலரவில்லை, தண்டின் மணம் உள்ளே வரை இறங்கியிருந்தது. அதோடு வந்த சம்பல் மத்தாவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சின்ன வெங்காயம், எலுமிச்சைப்புல், காரமான சிறு மிளகாய் ஆகியவற்றைப் பச்சையாகவே பொடிப்பொடியாக நறுக்கி, நாரத்தை இலையைப் போல மணக்கும் இலையைச் சேர்த்து, சூடான தேங்காய் எண்ணெயை மேலே ஊற்றிப் பிசறுகிறார்கள். வெறும் சோற்றில் போட்டுக்கொண்டாலே போதும். நான் இரண்டு முறை கேட்டு வாங்கினேன், இரண்டாவதற்குப் பணம் சேர்க்கவில்லை.

சைவம் உண்பவர்கள் ஒரு விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். இந்தோனேசியச் சம்பல்களில் பலவற்றில் தெராசி என்ற இறால் விழுது சேரும். காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் அது உள்ளே இருக்கலாம். சம்பல் மத்தாவிலும் பலர் அதைச் சேர்ப்பார்கள். நாங்கள் கேட்டதும் பரிமாறிய பிளி 'தெரியாது' என்றோ 'இல்லை' என்றோ சட்டென்று பதில் சொல்லவில்லை. சமையலறைக்குள் போய் ஐந்து நிமிடம் கழித்து வந்து, பட்டியலில் தெராசி உள்ளவற்றைப் பென்சிலால் புள்ளியிட்டுக் காட்டினார். ஆறு பதார்த்தங்களில் நான்கில் புள்ளி. அம்மாவுக்காக அது சேர்க்காமல் தனியாகச் சம்பல் செய்து, பொரித்த தெம்பேயும் இளம் பலாக்காய்க் கறியும் சோறும் கொண்டுவந்தார்கள். சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கும் தெம்பேயை அம்மா முதன்முதலாகச் சாப்பிட்டார். வாழைக்காய் வறுவலைப் போல மொறுமொறுப்பாக இருந்ததில் அவருக்குத் திருப்தி. இளநீருக்கு மூங்கில் குழாயும் கரண்டியும் வைத்துக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்கள் பாலியில் 2019 முதல் தடைசெய்யப்பட்டவை. ஆனால் சாலையோர வாருங் கடையில் 20,000 ரூபியாவுக்குக் குடித்த இளநீருக்கு இங்கே 55,000 என்பது அதிகம்தான்.

இங்கிருந்துதான் என் மனக்குறை தொடங்குகிறது. இணையத்தில் பதிவு செய்தபோது, முன்வரிசையில் நால்வருக்கான மெத்தையின் மினிமம் ஸ்பெண்ட், அதாவது குறைந்தபட்சம் செலவழித்தாக வேண்டிய தொகை, 1,500,000 ரூபியா என்று காட்டியது. நம் பணத்தில் சுமார் 8,000 ரூபாய். ஒரு பகல் முழுக்க நால்வர் உண்டு, நீந்தி, இளைப்பாறுவதற்கு அது தாங்கக்கூடிய தொகையே. ஆனால் அந்தத் தொகைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகையின்மேல் 10 சதவீதம் வரியும் சேரும் என்பதை வாசலில்தான் சொன்னார்கள். 1,500,000 என்று நினைத்து வந்தது 1,815,000 ஆகிவிட்டது. பாலியில் உணவகப் பட்டியல்களில் விலையை அடுத்து இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் இதுதான் பொருள்; ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்தோடு சேர்த்து அவற்றைப் பொடியாக அச்சிட்டிருப்பார்கள். பதிவுப் பக்கத்தில் அந்தக் குறிகள்கூட இல்லை. முன்பணம் கட்டிவிட்டு, வயதான தாயோடு வெயிலில் வந்து நிற்பவரால் அப்போது திரும்பிப் போக முடியாது. வரி வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் முழுத் தொகையை முன்பே சொல்லாதது தவறு.

இன்னொன்று, செலவழிக்காத மிச்சம் திரும்பக் கிடைக்காது. மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் கணக்கில் 230,000 ரூபியா மீதமிருந்தது. வயிறு நிறைந்துவிட்டது, மது வாங்குபவர்களாக இருந்தால் ஒரே சுற்றில் தீர்ந்திருக்கும். யாருக்கும் பசியில்லாத நேரத்தில் ஒரு பழத்தட்டையும் இரண்டு சாறுகளையும் வரவழைத்து, பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தோம். உணவை வீணாக்கி வளர்ந்தவர்கள் அல்லர் நாங்கள்; அம்மா அந்தத் தட்டைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் உறுத்துகிறது. மிச்சத் தொகைக்கு ஈடாகக் கட்டிக் கொடுக்கக்கூடிய உணவையாவது அனுமதிக்கலாம் அல்லவா என்று கேட்டேன். வளாகத்துக்கு வெளியே உணவு கொண்டுபோக அனுமதி இல்லை என்றார்கள். குடும்பங்கள் இதை மனத்தில் வைத்து, முன்வரிசையை விட்டுவிட்டு, தோட்டப் பக்கத்து மேசைகளைக் கேளுங்கள். அவற்றுக்கு மினிமம் ஸ்பெண்ட் கிடையாது. குளத்தைப் பயன்படுத்தவும் தடையில்லை. இதையும் நாங்கள் போன பிறகே அறிந்தோம்.

நான்கு மணிக்கு இசை தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் இதமாக இருந்தது. பிறகு எங்கள் தலைக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கியில் தாளம் நெஞ்சுக்குள் இடிக்கும் அளவுக்கு உயர்ந்தது. இருபதடி தூரத்தில் உடையும் அலையின் சத்தம் கேட்கவில்லை. பட்டத்தின் ரீங்காரமும் மறைந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டதைக் கண்ட மேலாளர், நாங்கள் கேட்பதற்கு முன்பே வந்து, தென்கோடியில் காலியாக இருந்த மெத்தைக்கு எங்களை மாற்றினார்; பைகளைப் பணியாளர்களே சுமந்தார்கள். அந்த மூலையில் கடல் மீண்டும் கேட்டது. பதிவு செய்யும்போது 'தென்கோடி, ஒலிபெருக்கிக்குத் தள்ளி' என்று குறிப்பிட்டால் ஒதுக்கித் தருகிறார்கள் என்பதை அவரே சொன்னார்.

ஜூலையில் அங்கே சூரியன் ஆறே காலை ஒட்டி மறைகிறது. மேகம் இல்லாத மாலை. ஈரமான கருமணல் கண்ணாடி போலாகி, செம்மஞ்சள் வானம் முழுவதையும் தரையில் விரித்தது. வெண்மணல் கரைகளில் இந்தக் காட்சி இப்படிக் கிடைக்காது. சோளக்காரரின் அடுப்புப் புகை அதன் குறுக்கே மிதந்து போனது. அப்போது குளத்தில் இருந்தவர்களில் பலர் எழுந்து படிகளில் இறங்கி மணலுக்கே வந்துவிட்டார்கள். ஊர்க்காரர்களும் விருந்தினர்களும் ஒரே வரிசையில் நின்றோம்.

சூரியன் மறைந்த அடுத்த நிமிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் வாசலில் வாகனம் கிடைக்க நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ஏழரை மணி வரை பொறுத்திருந்து கிளம்புவது நல்லது. மறுநாள் கட்டண விவரம் குறித்து மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன்; மூன்று நாளில் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. இதை எழுதுவதற்கு முன் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முன்வரிசை மெத்தைக்கு நேரே இப்போது 1,815,000 ரூபியா, வரியும் சேவைக் கட்டணமும் உட்பட என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. மிச்சத் தொகை விதி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.